கும்மியை வாசலில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில், கிறிஸ்தவக் கோயில்களில் திருப்பலி என்னும் பூசை நேரத்தில் ஆடுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று காரைக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 'கோயில் என்ன கலையரங்கமா?' என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. அதற்கு அவர் சொல்லும் தீர்வுதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் தேவகோட்டை வட்டாரத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். மறைக்கல்வி வகுப்பு எடுப்பதும், திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதும் பல காலமாக என் பொறுப்பில் இருந்துவருகின்றன. வெளியிலிருந்து அபிப்பிராயம் சொல்ல வந்தவளாக என்னை நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் வருத்தப்படும் காட்சியை நானும் பார்த்து வருந்தியிருக்கிறேன். திருவிழாத் திருப்பலியில் வருகைப் பவனி தொடங்கும். பென் டிரைவில் ஒரு பாட்டு ஓடும். மெட்டு எந்தச் சினிமாவிலிருந்து வந்தது என்று கோயிலில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடகைக்கு எடுத்த ஜிகினா உடுப்பு, உதட்டுச் சாயம், பத்து வயதுக்குப் பொருந்தாத இடுப்பசைவு. அம்மாக்களும் சித்திகளும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பீடத்துப் படிவரை ஓடிவந்துவிடுவார்கள். குருவானவர் தூபக் கலசத்தோடு பின்னால் காத்து நிற்பார். ஆட்டம் முடிந்ததும் கைதட்டல். மைக்கைப் பிடித்திருப்பவர் 'அருமையாக ஆடிய நமது குழந்தைகளுக்கு' என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அதற்குள் கோயிலுக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் இதைக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். வழிபாட்டின் நடுவில் மனிதர் சாதனைக்காகக் கைதட்டல் எழுந்தால், அங்கே வழிபாட்டின் உயிர் போய்விட்டது, அதன் இடத்தில் பக்தி வேடமிட்ட பொழுதுபோக்கு வந்து உட்கார்ந்துவிட்டது என்பது அவர் கருத்து. இதில் நான் முழுக்க அவர் பக்கம். கிறிஸ்தவ வழிபாட்டுக்கு நடனம் உரிய வடிவமே இல்லை என்றும் அவர் எழுதினார். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எத்தியோப்பியாவிலும் காங்கோவிலும் மக்கள் தாளத்தோடு அசைந்து வருவதை அதே இடத்தில் அவரே ஒத்துக்கொள்கிறார். அதைத் தாளத்துக்குக் கட்டுப்பட்ட பவனி என்கிறார், அந்த வழிபாட்டின் மாண்புக்குத் தகுந்தது என்கிறார். அவர் அங்கே ஒத்துக்கொண்டது எதுவோ, அதுதான் செட்டிநாட்டுக் கோயில்களுக்கும் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

காரைக்குடி வாசகர் திருவிவிலியத்திலிருந்து இரண்டு ஆட்டங்களை எடுத்துக்காட்டியிருந்தார். பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடிய ஆட்டம் ஒன்று, ஏரோதின் விருந்தில் ஏரோதியாவின் மகள் ஆடி யோவானின் தலையைக் கேட்டது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். செங்கடலைக் கடந்து வந்ததும் மிரியாம் கஞ்சிராவை எடுக்க, பெண்கள் எல்லாரும் ஆடிக்கொண்டே அவள் பின்னால் போனதும் பொன் கன்றுக்குட்டிக் கதை வரும் அதே விடுதலைப் பயண நூலில்தான் இருக்கிறது. ஆடியும் கொட்டியும் ஆண்டவரைப் போற்றச் சொல்லி 150ஆம் திருப்பாடல் நம்மை அழைக்கிறது. ஊதாரி மகன் திரும்பி வந்த வீட்டில் மூத்தவன் காதில் விழுந்தது ஆடல் பாடல் சத்தம்தான். அந்த உவமையைச் சொன்னவர் நம் ஆண்டவரே.

தாவீதின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வருகிறது. அரசன் குருக்கள் அணியும் நார்ப்பட்டு ஏபோதை மட்டும் கட்டிக்கொண்டு முழு வலிமையோடு ஆடுகிறான். ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டு கூட வருகிறது. சவுலின் மகள் மீக்கால் சன்னல் வழியாகப் பார்க்கிறாள், மனத்துக்குள் அவனை இகழ்கிறாள். ஆடியவர்களோடு அவள் சேரவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தாள். நம்முடைய சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கோயிலுக்குள் பத்துப் பேர் ஆட ஐந்நூறு பேர் பார்த்தால், அந்த ஐந்நூறு பேரையும் நாம் மீக்கால் நின்ற சன்னலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். பிறகு ஒருவர் ரசிப்பார், ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். யாரும் செபிக்க மாட்டார்கள்.

உரோமை இதைப் பற்றி என்ன சொன்னது என்பதையும் பலர் பாதியாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். வத்திக்கானின் வழிபாட்டுத் துறை இதழில் 1975இல் ஒரு விளக்கம் வந்தது. மேலைநாடுகளில் நடனம் காதலோடும் கேளிக்கையோடும் ஒட்டிப்போய்விட்டது, அதனால் அங்கே அதை வழிபாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்றது. தடை கேட்பவர்கள் எடுத்துப் பேசுவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் ஆட்டம் இன்னும் சமய உணர்வைத் தாங்கி நிற்கும் பண்பாடுகளும் உண்டு என்று அதே விளக்கம் வேறுபடுத்திக் காட்டுகிறது. பிறகு 1994இல், உரோமை வழிபாட்டுமுறை அந்தந்த நாட்டுப் பண்பாட்டோடு பொருந்துவதைப் பற்றி வந்த ஏடு இன்னும் தெளிவாகப் பேசியது. சில மக்களுக்குப் பாட்டு என்றால் கைகொட்டலும் அசைவும் ஆட்டமும் தாமாகவே சேர்ந்து வரும், அவற்றுக்கு அந்த மக்களின் வழிபாட்டில் இடம் உண்டு, ஆனால் அது ஆராதனையாகவும் புகழ்ச்சியாகவும் காணிக்கையாகவும் மன்றாட்டாகவும் எல்லாரும் சேர்ந்து செய்கிற செபமாக இருக்க வேண்டும், வெறும் நிகழ்ச்சியாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

காங்கோ நாட்டுக்காரர்கள் இதை எப்போதோ செய்துகாட்டிவிட்டார்கள். நாட்டுக்குச் சயீர் என்று பெயர் இருந்தபோதே, 1988இல், அவர்களுடைய திருப்பலி முறைக்கு உரோமை அனுமதி தந்தது. 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது குருவானவரும் பணியாளரும் தாளத்தோடு பீடத்தைச் சுற்றி வருவார்கள், மக்களும் நின்ற இடத்தில் அசைவார்கள். 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த முறைப்படி புனித பேதுரு பெருங்கோயிலிலேயே திருப்பலி நிறைவேற்றினார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் பாடகர் கூட்டம் செபக்கோலை ஊன்றி, முரசு கொட்டி, கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டு ஆடுவது மிகப் பழைய வழக்கம். ஸ்பெயினில் செவில் நகரப் பேராலயத்தில் நற்கருணையின் முன் சிறுவர்கள் ஆடுவதும் பல நூற்றாண்டுப் பழக்கம். மேலைநாட்டிலும் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

நாம் ஓரியூர் மண்ணுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள். லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே வந்து காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழில் பேசி அருளானந்தராக வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலையைக் கொடுத்தார். அவர் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி ஓரியூர் மணலை நெற்றியில் இட்டுக்கொள்கிற நாம், நம் ஊர் வழக்கம் எதுவும் வழிபாட்டுக்கு ஆகாது என்று பேசுவது எப்படிப் பொருந்தும்? இடைக்காட்டூரில் 1894இல் பிரெஞ்சுச் சாமியார் எழுப்பிய கூர்மாடக் கோயில் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. சருகணிக்குத் தேர் கொடுத்தவர்கள் மருதிருவர் என்று எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். தேர் வந்தது, சப்பரம் வந்தது, கொடியேற்றம் வந்தது, மாலையும் சாம்பிராணியும் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பூசை காண்கிறோம். ஆரத்தி, கைகூப்பி வணங்குதல் போன்ற பன்னிரண்டு வழக்கங்களுக்கு 1969இல் உரோமை இசைவு தந்தபோது இதே மாதிரி எதிர்ப்பு கிளம்பியது. இன்று ஆரத்தி எடுக்காத திருவிழாப் பூசையை எங்கே பார்க்க முடிகிறது?

கும்மி மட்டும் வாசலோடு நின்றுவிட்டது. தைப் பொங்கல் அன்று கோயில் முற்றத்தில் பானை வைப்போம். பால் பொங்கியதும் குலவை போடுவோம், பானையைச் சுற்றிக் கொட்டுவோம். மணி அடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவோம். கடவுளுக்கு நன்றி சொன்ன கை வாசற்படி தாண்டியதும் ஏன் மடங்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

கண்மாய்ப் பாசனத்தில் வாழும் கிளைக் கிராமம் ஒன்றின் கோயிலில், கும்மியை உள்ளே ஆடலாமா என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். அப்போதிருந்த பங்குச் சாமியார் யோசித்துவிட்டு, 'காணிக்கைகளைப் பீடத்துக்குக் கொண்டுவருகிற காணிக்கைப் பவனியில் மட்டும் வையுங்கள், பாட்டைக் கோயிலில் இருக்கிற எல்லாரும் பாட வேண்டும்' என்று இரண்டு நிபந்தனை போட்டார். நல்ல நிபந்தனைகள். வட்டமாகக் கொட்டுகிற கும்மியை நடைபாதைக்கு ஏற்றபடி இரண்டு வரிசை ஆக்கினோம். முன்னால் இரண்டடி, குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பி ஒரு கொட்டு. அவ்வளவுதான். ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடவு நட்ட பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. பாட்டின் வரிகளை அன்பியத்துப் பெண்களே, அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவில் இருக்கும் பெண்களே கட்டினார்கள், கண்மாய் நிறைந்ததையும் கதிர் அறுத்ததையும் சொல்லி. சுடிதார் போட்ட கல்லூரிப் பிள்ளைகளும், கண்டாங்கி கட்டிய பாட்டிமாரும் அதே வரிசையில் வந்தார்கள். முன்னால் போனவர் தலையில் புது நெல் நிறைந்த மரக்கால். அவருக்குப் பின்னால் அப்பமும் இரசமும், தேங்காய், பூசணி, மெழுகுவர்த்தி.

அந்தக் கோயிலில் பெஞ்சு கிடையாது. தரை ஆத்தங்குடிக் கல், எண்ணெய் போட்டுத் துடைத்து வழுவழுவென்று இருக்கும். வெறுங்காலின் சத்தம் அதில் தனியாகக் கேட்கும். முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் உட்கார்ந்திருந்தவர்களும் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் பக்கத்திலும் கேட்டது. காரைக்குடி வாசகர் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கும்மியில் கைகொட்டுவதே ஆட்டம். உட்கார்ந்திருப்பவரும் கொட்டியபோது அவரும் ஆடியவராகிவிட்டார். பார்த்துவிட்டுப் பாராட்டிக் கைதட்ட அங்கே ஆள் மிச்சமில்லை. நெல்லைப் பீடத்தின் அடியில் இறக்கிவைத்ததும் பாட்டு நின்றது, சாமியார் அப்பத்தை உயர்த்தினார், பூசை தொடர்ந்தது. ஒருவர் பெயரையும் மைக்கில் சொல்லவில்லை.

வரிசையில் வந்த மூதாட்டி ஒருவரிடம், 'உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?' என்று யாரோ கேட்டார்கள். 'சாமி குடுத்த நெல்ல சாமிகிட்ட கொண்டுபோறதுக்கு எதுக்குத்தா கூச்சம்? நடவுல குனிஞ்ச இடுப்புத்தானே, இங்க குனியாதா?' என்றார். இதைவிட நல்ல இறையியல் விளக்கம் எனக்குத் தெரியாது.

பரதநாட்டியத்தைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு. திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக் காவிரி, கிறிஸ்தவக் கருப்பொருளை நாட்டியத்தில் சொல்ல எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறது. நாட்டியக் கலைஞர் பிரான்சிஸ் பார்போசா சிலுவைக்கும் கிறிஸ்துவுக்கும் தனி முத்திரைகள் வகுத்தவர். கொல்கத்தாவில் இயேசு சபைக் குரு சாஜு ஜார்ஜ் மேடையிலேயே தன் நற்செய்திப் பணியைச் செய்கிறார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இருநூறு ஆண்டுக்கு முன்பே குறவஞ்சி என்ற ஆடல் வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் கதையைப் பாடினார், அவர் லூத்தரன் சபைக்காரர். இவையெல்லாம் நமக்குச் சொத்து. ஆனால் பரதம் பார்க்கப்படுவதற்கான கலை. பல ஆண்டு உழைத்தவர் ஆட, மற்றவர் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய கலை. அதற்குத் தவக்கால மாலைகள் இருக்கின்றன, இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா மேடை இருக்கிறது, திருவிழாவின் நவநாள் இரவுகள் இருக்கின்றன. மூன்று மாதம் கற்ற பிள்ளையைச் சலங்கை கட்டித் திருப்பலி நடுவில் நிறுத்துவது அந்தக் கலைக்கும் நல்லதில்லை, திருப்பலிக்கும் நல்லதில்லை. இதை நாட்டியம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

காரைக்குடி வாசகரின் கடிதத்தில் என்னைப் புண்படுத்திய வரி ஒன்று உண்டு. பெண்கள் ஆடினால் ஆண்களின் செபம் சிதறும் என்று எழுதியிருந்தார். ஐயா, இது பழைய பேச்சு. 1890களில் மிஷனரிமாரும் சீர்திருத்தக்காரர்களும் நாட்டியத்துக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். தேவதாசிப் பெண்கள் பட்ட துயரம் உண்மையானது, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒழித்தது நல்லதே. ஆனால் அந்தக் காலத்துக் கண்டனம் பெண்ணின் உடம்பைக் கண்டாலே சந்தேகப்படும் பழக்கத்தையும் கூடவே நம் வீடுகளில் விட்டுப்போயிற்று. ஆண்களின் மனம் சிதறுகிறது என்றால் அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர்கள் சொல்லட்டும். நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, கோயில் கூட்டி, பூ கட்டுகிற பெண்கள் தங்கள் கையால் ஆண்டவருக்கு ஒரு கொட்டு கொட்டுவதை அதற்காக விட்டுவிட முடியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். கோயிலில் ஆட்டம் என்றாலே ஏன் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் மட்டும்? எங்கள் சீமையில் ஒயிலாட்டம் ஆண்கள் ஆட்டம். கையில் ஒரு துணி, காலில் சலங்கை, எதிரெதிரே இரண்டு வரிசை, வாத்தியார் பாட மற்றவர் வாங்கிப் பாடுவார்கள். தேர்பவனிக்கு முன்னால் தெருவில் மணிக்கணக்கில் ஆடுகிற இளைஞர்கள், தேர் நிலைக்கு வந்ததும் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பூசைக்குள் வருவதே இல்லை. ஆடிய காலுக்கு உள்ளே வேலை இல்லை என்று நாம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

பறையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பல ஊர்களில் சப்பரத்துக்கு முன்னால் அது வேண்டும், இழவு வீட்டில் வேண்டும். கோயில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்தால் மட்டும் சிலருக்கு முகம் மாறும். அதற்குக் காரணம் இசையறிவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என்ன காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். திருப்பாடல் சொல்லும் கொட்டு முழக்கத்தில் பறை சேராது என்று எங்கும் எழுதியில்லை. கும்மிக்கும் ஒயிலுக்கும் உள்ளே இடம் கேட்கிற நான், பறையை வாசலிலேயே விட்டுவிடச் சம்மதிக்க மாட்டேன்.

பெந்தேகோஸ்தே சபைகளில் ஆவியில் நிறைந்து ஆடுகிறார்களே, அதையும் ஆதரிக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். அது அவர்கள் சபை முறை, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நம் பிள்ளைகள் சிலர் அங்கே போய்க் கைகொட்டிப் பாடிவிட்டு, இங்கே வந்து மரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

சிவகங்கை மறைமாவட்டத்தின் பங்குத்தந்தையர்களிடமும் வழிபாட்டுக் குழுக்களிடமும் உங்கள் இதழ் வழியாக என் வேண்டுகோள் இது. அடுத்த பொங்கல் திருப்பலிக்குப் பென் டிரைவைத் தவிருங்கள். காணிக்கைப் பவனியை அந்தந்த ஊர் அன்பியங்களிடம் கொடுங்கள், ஆண்களும் வரட்டும், பாட்டிமாரும் வரட்டும். பாட்டு எல்லார் வாயிலும் வருகிற பாட்டாக இருக்கட்டும். தோள் மறைத்த சாதாரணச் சேலையும் வேட்டியும் போதும், வாடகை உடுப்பு வேண்டாம். செல்போனை எடுக்க வேண்டாம் என்று பூசைக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். பறை அடிப்பவரைப் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாராட்ட வேண்டும் என்றால் பூசை முடிந்து முற்றத்தில் பொங்கல் பரிமாறும்போது பாராட்டிக்கொள்ளலாம்.

காரைக்குடி வாசகரையும் அன்போடு அழைக்கிறேன். தேவகோட்டையிலிருந்து அந்தக் கிராமத்துக்குக் காலையில் டவுன் பஸ் உண்டு. தையில் வாருங்கள். ஆண்கள் பக்கத்தில் உட்காருங்கள். கொட்டுவதும் கொட்டாததும் உங்கள் விருப்பம். பார்த்த பிறகும் தடை வேண்டும் என்றே தோன்றினால், மறுபடியும் இதே பகுதிக்கு எழுதுங்கள், நானும் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தேவகோட்டை.